பாட்டனா, பங்காளியா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், மல்லாட்டைக் கொல்லைகளும் நெல் வயல்களும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும் சமதரையில், யாரோ தூக்கிவந்து இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துப்போக மறந்துவிட்டாற்போலத் தன்னந்தனியாக எழுந்து நிற்கும் கருங்கல் குன்று பெருமுக்கல். உச்சியிலே முக்தியாலீஸ்வரர் கோயில். அதன் சுவர்களிலே சோழர் காலத்துக் கல்வெட்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் இது ஒரு கோட்டையாகவும் இருந்து, ஆங்கிலேயர் வாயில் 'பெர்மக்கோயில்' என்று சிதைந்து, 1760-ஆம் ஆண்டில் கூட் என்னும் தளபதியின் கைக்குப் போய், அவர்களுடைய யுத்த சரித்திரங்களில் இடம்பெற்றுவிட்டது. இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்றும் இங்கே உண்டு. சீதை தங்கியிருந்த இடம் என்று ஊரார் காட்டும் குகையின் பாறையிலே, எழுத்து என்ற ஒன்றையே அறியாத காலத்து மனிதர்கள் கல்லைக் கொண்டு கீறிய உருவங்கள் இருக்கின்றன. குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும் வேளை பார்த்து நோக்கினால்தான் அவை கண்ணுக்குப் புலப்படும்.

அந்தக் கீறல்களைப் பார்க்கத்தான் ஒரு நாள் காலையில் நான் ஏறிப்போனேன். ஆனால் பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, என் பையிலிருந்த வாழைப்பழங்களின்மேல் உரிமை கொண்டாடிக்கொண்டு ஒரு குரங்கு வந்து சேர்ந்ததனால், சரித்திரம் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மந்தி அது. உச்சந்தலையில் வகிடு எடுத்து, முடியைச் சுற்றிலும் வாரிவிட்டாற்போன்ற தோற்றமுள்ள, நம் ஊர்க் கோயில்களில் எல்லாம் காணும் சாதாரண நாட்டுக் குரங்கு. பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடவில்லை. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, காம்பைப் பல்லால் கடித்துத் திறந்து, தோலைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி, பட்டை பட்டையாகக் கீழே இழுத்து உரித்தது. அந்த விரல்களை நான் உற்றுப் பார்த்தேன். பூனைக்கும் நாய்க்கும் உள்ளதுபோல வளைந்த நகமன்று; தட்டையான, கருத்த, நம்முடையதைப் போலவே விரல் நுனியின் முதுகைக் காக்கும் நகம். உள்ளங்கையிலே ரேகைகள். தாயின் மார்பிலிருந்து தலையை நீட்டிய குட்டி, உரித்த பழத்தில் கை வைத்தது. தாய் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தான் ஒரு கடி கடித்தபின்பே அதற்கு விட்டுக்கொடுத்தது.

எனக்குச் சற்றுக் கீழே, கொல்லைக் காவலுக்குக் கவணும் கையுமாக நின்றிருந்த ஒரு முதியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். மேலே ஏறிவந்து, துண்டால் பாறையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தவர், நெடுநாளாக மனத்தில் வைத்திருந்ததைக் கேட்பவர்போலக் கேட்டார்:

"ஏன் சார், இதுலேர்ந்துதான் மனுசன் வந்தான்னு எம் பேத்தி சொல்லுது. மெய்யா அது? அப்படி வந்துட்டான்னா, இது மட்டும் ஏன் இன்னும் இப்படியே கெடக்குது?"

இந்த இரண்டாவது கேள்வியை, பட்டம் பெற்றவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். மந்திரி ஒருவரே 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் கண்டதாகச் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு என்ற கருத்துப்படப் பேசியதும், இந்தியாவின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டபோது, 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஆனால் மந்திரியின் வாதத்துக்கு விடை விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்க வேண்டியதுகூட அன்று. நம் தருக்க சாஸ்திரத்திலேயே இருக்கிறது. மலையிலே புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பதுதான் அனுமானப் பிரமாணத்துக்கு நம் பண்டிதர்கள் காலங்காலமாகக் காட்டிவந்த உதாரணம். பிரத்தியட்சமாகக் கண்டால்தான் ஒப்புக்கொள்வேன் என்று பிடிவாதம் செய்பவன், தன் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் ஒருவன் இருந்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது.

முதியவரின் கேள்வி மந்திரியின் கேள்வியைவிடக் கூர்மையானது. அதற்குள்ளே ஒரு நியாயம் இருக்கிறது; அந்த நியாயம் தவறான இடத்திலிருந்து புறப்படுகிறது; அந்தத் தவறான இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாம் பயன்படுத்தும் சொற்களே என்பது என் அபிப்பிராயம்.

'பரிணாமம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது சாங்கிய தத்துவத்தின் பழைய சொத்து. ஒரு பொருள் தன் நிலை மாறி வேறொரு பொருளாக ஆவதற்கு அந்தப் பெயர்; அதற்கு வழக்கமான உதாரணம், பால் தயிராவது. பால் தயிரான பின்பு பாத்திரத்திலே பால் இராது. டார்வின் கொள்கைக்குப் பெயர் தேடியவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக் கையாண்டபோது, சொல்லோடு சேர்ந்து அந்தப் பாற்குடமும் வந்துவிட்டது. குரங்கு பால், மனிதன் தயிர் என்றால், உறை குத்திய பின்னும் பால் பாலாகவே ஏன் இருக்கிறது என்று கேட்பது முற்றிலும் நியாயந்தானே? பிற்காலத்தில் தூய தமிழில் 'படிவளர்ச்சி' என்றார்கள். அதிலே ஏணிப்படி வந்து சேர்ந்தது. கீழ்ப்படியில் குரங்கு, நடுப்படியில் கூனல் மனிதன், மேற்படியில் கையில் பேனாவுடன் நாம். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்கப் புத்தகம் ஒன்றுக்காக ஜாலிங்கர் என்னும் சித்திரக்காரர் வரைந்த, ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்துகொண்டே நடந்துபோகும் அந்த ஊர்வலப் படம், உலகத்துப் பள்ளிச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டு, அதே ஏணியைப் படுக்கவைத்துக் காட்டுகிறது. இலங்கைத் தமிழர்கள் 'கூர்ப்பு' என்று வழங்குகிறார்கள். பாலும் ஏணியும் இல்லாத அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

'குரங்கு' என்ற சொல்லும் சங்கடத்தைக் கூட்டுவதே. குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று இனங்களைத் தனித்தனியே அறிந்து, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்றே பெயர் என்று மரபியலில் வரையறுத்தது தொல்காப்பியம். ஆணுக்குக் கடுவன் என்ற பெயர் வேறு. இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்ட மொழி, தான் காணாத பிராணிகளுக்குப் பெயர் வைத்திருக்க நியாயமில்லை. சிம்பன்சியும் கொரில்லாவும் ஆப்பிரிக்காவிலே இருந்தன. உராங்குட்டான் கீழ்க்கடல் தீவுகளிலே இருந்தது. அவற்றைப் பிற்காலத்தில் படத்திலும் மிருகக்காட்சிச் சாலையிலும் கண்ட நாம், 'வாலில்லாக் குரங்கு' என்று ஒட்டுப் பெயர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்துவிட்டோம். அதனால் 'மனிதன் குரங்கிலிருந்து வந்தான்' என்ற வாக்கியம் காதில் விழுந்த மாத்திரத்தில், தமிழன் மனக்கண்ணில் தோன்றுவது கொரில்லாவன்று. கோயில் மதிலில் உட்கார்ந்து தேங்காய் மூடியைச் சுரண்டும் இந்த மந்திதான்.

உள்ளபடி உறவு என்னவென்றால், அதற்குத் தமிழிலே மிகவும் பொருத்தமான சொல் ஒன்று வீட்டு வாசலிலேயே கிடக்கிறது: பங்காளி. பங்காளி என்பவன் பாட்டனுமல்லன், பேரனுமல்லன். எப்போதோ இருந்த ஒரு பொது முப்பாட்டனின் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டு, தனிக்குடும்பமாய்ப் போனவர்களின் வாரிசு. நான் பட்டணத்துக்குப் போய் உத்தியோகம் பார்ப்பதனால், ஊரிலே ஏர் ஓட்டும் என் பங்காளி மறைந்துபோய்விட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவன் என்னுடைய பழைய ரூபமும் அல்லன். அவன் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் கடந்துபோன தலைமுறைக் காலம் ஒன்றேதான். மந்தியும் அப்படியே. எத்தனை கோடி ஆண்டு நாம் மாறிக்கொண்டு வந்தோமோ அத்தனை கோடி ஆண்டு அதுவும் தன் வழியில் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. அது 'இப்படியே கிடக்கவில்லை'.

பாகப்பிரிவினைகள் நடந்த வரிசையையும் விஞ்ஞானிகள் ஏறக்குறையக் கணித்திருக்கிறார்கள். சிம்பன்சியிடமிருந்து நாம் பிரிந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. நேரொத்த இடங்களை வைத்து ஒப்பிட்டால் இருவர் மரபணுவிலும் எழுத்துக்கு எழுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஒன்றாகவே இருக்கிறது. சிம்பன்சியைவிடச் சற்றுத் தூரத்துப் பங்காளி கொரில்லா. அதற்கும் அப்பால் உராங்குட்டான். நம் நாட்டுக் குரங்கின் பரம்பரை, மனிதனையும் வாலில்லாக் குரங்குகளையும் சேர்த்த பெருங்குடும்பத்திலிருந்து பிரிந்தது இன்னும் பழைய கதை: இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டு. கீழை ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் 2.52 கோடி ஆண்டு வயதுள்ள ஒரே படிவிலிருந்து, ஒரு வாலில்லாக் குரங்கினத்தின் தாடைத் துண்டும், வாலுள்ள குரங்கினத்தின் ஒற்றைப் பல்லோடு கூடிய தாடைத் துண்டும் கிடைத்த செய்தி 2013-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தத் தேதிக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்பதற்கு அவை இரண்டும் பத்திரங்கள்.

கோடி ஆண்டு என்றால் நாவில் சொல்லிவிடலாம், மனத்தில் பிடிபடாது. பெருமுக்கல்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அதைக் கையால் தொட்டுப் பார்க்க அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில், வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற திருவக்கரையிலே கல்மரங்கள் கிடக்கின்றன. 1781-ஆம் ஆண்டளவிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைப் பூங்காவாக ஏற்படுத்தியது. சிவப்பு மண்ணிலே சாய்ந்து கிடக்கும் அடிமரங்கள் தூரத்திலிருந்து பார்க்கும்போது விறகு. கிட்டே போய்த் தட்டினால் கல். மரத்தின் வளையங்கள், கணுக்கள், பூச்சி அரித்த துளைகள்கூட அப்படியப்படியே இருக்க, மரம் மட்டும் போய் அந்த இடத்தை மணற்சத்து நிரப்பியிருக்கிறது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரமாகவே கிடப்பதைக் கொண்டு, எங்கிருந்தோ வெள்ளத்தில் உருண்டு வந்து இங்கே புதையுண்டவை என்று தீர்மானித்திருக்கிறார்கள். வதைக்கப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்று ஊர்க்கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் உயிரோடிருந்து இப்போது கல்லாகிவிட்டது என்ற மட்டில் அந்தக் கதையைக் கட்டியவனின் கண் தவறவில்லை. அவற்றின் வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு. அந்த மரங்கள் பச்சையாக நின்று காற்றில் அசைந்துகொண்டிருந்த நாளிலேயே, மந்தியின் முன்னோரும் நம் முன்னோரும் பாகம் பிரித்துக்கொண்டு ஐம்பது லட்சம் ஆண்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தது.

பங்காளி என்று வாயால் சொன்னால் போதுமா, பிறப்புப் பத்திரம் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நெல்லிக்காய். மனிதன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கீரையோ தின்னாமல் வெகுகாலம் இருந்தால் ஈறு வீங்கி, பல் ஆடி, நோய்ப்பட்டு மாளுவான். ஏனென்றால் வைட்டமின் 'சி' என்ற சத்தை அவன் உடம்பு தானே செய்துகொள்ளாது. ஆனால் நாய் செய்துகொள்கிறது. ஆடு, மாடு செய்துகொள்கின்றன. அதைச் செய்வதற்கு வேண்டிய மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. ஓட்டை விழுந்த அண்டாவைத் தூக்கி எறிய மனமில்லாமல் பரண்மேல் போட்டு வைத்திருப்பதுபோல, நம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அது போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இதே அண்டா, இதே ஓட்டையுடன், மந்தியின் பரணிலும் சிம்பன்சியின் பரணிலும் கிடக்கிறது. கடவூர் மலைப்பக்கத்துக் காடுகளில் இராத்திரியில் உலாவும் தேவாங்கு இருக்கிறதே, 2022-இல் தமிழக அரசு சரணாலயம் அமைத்துக் காக்கும் அந்தச் சின்னப் பிராணி, அதனிடம் மட்டும் அண்டா முழுசாக இருக்கிறது. அது நம் கிளையிலிருந்து, ஓட்டை விழுவதற்கு முன்பே பிரிந்துபோன தூரத்துச் சொந்தம். ஒரே பாத்திரத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நசுங்கல் இரண்டு வீட்டில் இருந்தால், அது எந்த வீட்டுப் பாத்திரமாக இருந்திருக்கும் என்பதை நம் ஊர்ப் பாட்டிமார்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

மற்றொன்று வால். தாயின் கர்ப்பத்தில் ஒரு மாதம் கடந்த சிசுவுக்கு வால் இருக்கிறது. எட்டாவது வாரத்துக்குள் அது மறைந்து, முதுகெலும்பின் கடைக்கோடியில் உட்காரும்போது உறுத்தும் சிறு எலும்பாக மிஞ்சுகிறது. குரங்குக்கு உள்ள வால் நமக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஏன் இல்லை என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஒரு விடை வெளிவந்தது: வாலை வளர்க்கும் காரியத்தில் பங்கு கொள்ளும் ஒரு மரபணுவின் நடுவே, ஏறக்குறைய முந்நூறு எழுத்துள்ள ஒரு துணுக்கு வந்து செருகிக்கொண்டிருக்கிறது, வாலில்லாத இனங்கள் அனைத்திலும் அதே இடத்தில் அது இருக்கிறது, வாலுள்ள குரங்குகளில் இல்லை. ஆக, மந்தியோடு நமக்குள்ள பொதுச் சொத்து பழுதான அண்டா. அதனிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் முத்திரை இந்தச் செருகல்.

இந்த விஷயத்தில் விஞ்ஞானிகள் தவறியதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சீதை தங்கிய குகை என்று சொல்லப்படும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு இராமனின் பெயர் பெற்ற ஒரு தவற்றைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. 1932-ஆம் ஆண்டு லூயிஸ் என்ற அமெரிக்க இளைஞர், இமயமலை அடிவாரத்தில், ஹரிதல்யாங்கர் என்ற ஊர்ப்பக்கத்திலே ஒரு பழைய தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். அதற்கு முன்பே பில்கிரிம் என்பவர் அந்தச் சிவாலிக் மலைகளில் கிடைத்த மற்றொரு புராதனக் குரங்குக்குச் 'சிவபிதிகஸ்' என்று சிவனின் பெயரைச் சூட்டியிருந்தார். லூயிஸ், தம் தாடைக்கு 'ராமபிதிகஸ்' என்று பெயரிட்டார். அதோடு நிற்காமல் இன்னொன்றுக்குச் 'சுக்ரீவபிதிகஸ்' என்றும் வைத்தார். கிஷ்கிந்தை முழுவதையும் குடியேற்றிவிடும் உற்சாகம்! அந்தச் சிறு தாடையின் பல்வரிசை மனிதனுடையதைப்போல் வளைந்திருக்கிறது என்று கருதி, 1960-களில் சைமன்ஸ், பில்பீம் போன்ற பெரிய பண்டிதர்களே, மனித வம்சத்தின் ஆதிபுருஷன் இவன்தான், இந்தியாவில் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மனிதக் கிளை தனியாகிவிட்டது என்று நம்பினார்கள். நம்மவர்களுக்கு அதிலே பெருமை வேறு.

1967-இல் சாரிச், வில்சன் என்ற இருவர், எலும்பை ஏறிட்டும் பாராமல், மனிதன், குரங்கு இவர்களின் இரத்தத்திலுள்ள புரதத்தை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு, நாமும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றபோது, எலும்புக்காரர்கள் நகைத்தார்கள். பிறகு பாகிஸ்தானத்துப் பொட்வார் பீடபூமியில் சிவபிதிகஸின் முகம் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்து, 1982-இல் பில்பீம் அதை விவரித்து எழுதியபோது, அது உராங்குட்டானின் முகத்தை உரித்துவைத்தாற்போல் இருந்தது. ராமனும் சிவனும் ஒரே ஆசாமி. அந்த ஆசாமி நம் பாட்டனல்லன், உராங்குட்டானின் வழிக்கு உறவினன். இன்று ராமபிதிகஸ் என்ற பெயர் தனி இனமாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாம் கட்டிய வம்சாவளியைத் தாமே கிழித்துப் போட்ட பில்பீமின் நேர்மையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை உண்டாகிறது. ஜம்மு பகுதியின் ராம்நகரில் கிடைத்த ஒற்றைக் கடைவாய்ப் பல் ஒன்றை, கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் முன்னோனுடையது என்று 2020-ஆம் ஆண்டில் நிர்ணயித்து, அதற்குக் குரங்கு என்றே பொருள்படும் 'கபி' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தடவை பெயர் அடக்கமாகவே இருக்கிறது.

நம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், எலும்புகளைவிடக் கல்லாயுதங்களே அதிகம் பேசுகின்றன. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் குனிந்து எடுத்தார். மனிதனுக்கு இயற்கையில் உரிய இடம் எது என்று ஹக்ஸ்லி புத்தகம் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அவ்வாண்டிலேயே ஃபூட்டும் அவருடைய சகா கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், பிற்காலத்தில் சாந்தி பப்புவின் குழுவினர் நெடுநாள் அகழ்ந்து ஆராய்ந்து, அங்குள்ள பழைய கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் அறிவித்தார்கள். நம் சொந்த இனமாகிய இன்றைய மனிதன் உலகில் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் விளங்கும். கொசத்தலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லை உடைத்துக் கூராக்கிய அந்தக் கைகள், நமக்கு வெகுமுந்திய வேறொரு மனித இனத்தின் கைகள். அவர்களுடைய எலும்பு ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. பெருமுக்கல்லுக்குத் தெற்கே, இதே மாவட்டத்தின் கடற்கரையூரான பொம்மையார்பாளையத்தில், செம்புரைப் பாறைக்குள் குழந்தையின் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்ததாகக் கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜேந்திரன் 2003-இல் எழுதினார். அதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வயது சொல்லப்பட்டது. ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ராமபிதிகஸின் கதையை அறிந்தவர்கள் இந்தக் குழந்தையின் விஷயத்தில் அவசரப்படாதிருப்பதே நல்லது. நர்மதை நதிக்கரையில் ஹத்னோராவில் 1982-இல் அருண் சோனாகியா கண்ட மண்டையோட்டையே எந்த மனித இனத்தில் சேர்ப்பது என்று இன்னும் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இனி, 'குரங்கிலிருந்து நாம் வரவில்லை. நமக்கும் குரங்குக்கும் பொதுவான முன்னோர் இருந்தார், அவ்வளவே' என்று சொல்லி ஆறுதல் மூச்சு விடுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சொல்வது மெய்தான். ஆனால் அந்தப் பொது முன்னோர் எப்படி இருந்தார் என்று அவர்கள் விசாரிப்பதில்லை. எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில், அவருக்கு நெருங்கியதாகக் கருதப்படும் ஒரு பிராணியின், ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டு வயதுள்ள மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. நாய்க்கு ஒப்ப முன்தள்ளிய வாய், சின்ன மூளை, நான்கு காலால் கிளைமேல் நடை. அந்தப் பிராணி உயிர்பெற்று வந்து, இதோ இந்தப் பாறையில் உட்கார்ந்தால், பிராணிநூல் வல்லார் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், நானும் நீங்களும் கவண் வைத்திருக்கும் பெரியவரும் ஒரே குரலில் 'குரங்கு' என்றுதான் சொல்லுவோம். பழைய உரைகாரர்கள், ஆறறிவு மனிதனுக்கு மட்டுமே உரியதன்று என்று சொல்லி, கிளியையும் யானையையும் குரங்கையும் அந்தப் பந்தியில் உட்கார வைத்தபோது கூச்சப்படவில்லை. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டு சபையிலே ஹக்ஸ்லியைப் பார்த்து, குரங்கு உறவு உமக்குப் பாட்டன் வழியா பாட்டி வழியா என்று பிஷப் ஒருவர் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கூச்சம் அந்தத் தேசத்துக் கூச்சம். அனுமாருக்கு வடைமாலை சாத்துகிற நமக்கு அது எதற்கு?

இவ்வளவையும் நான் அந்தப் பாறையிலே பிரசங்கம் செய்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பாலையும் தயிரையும் விட்டுவிட்டுப் பங்காளியிலிருந்து தொடங்கினேன். திருவக்கரைக் கல்மரத்தைச் சொன்னபோது, "எங்க மாமியார் ஊருதான் அது" என்று தலையாட்டினார். அண்டா உவமையும் அவருக்குப் பிடித்திருந்தது. பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே கொல்லையில் மல்லாட்டைச் செடிகள் காற்றில் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு பாத்தி அளவுக்குச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு வாடிக் கிடந்தன. மந்தி அதற்குள் இரண்டாவது பழத்தையும் முடித்துவிட்டு, குட்டியின் காதுக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"பங்காளின்னா சரியாப் போச்சு சார்," என்றார் அவர், கவணில் கல்லை வைத்துக்கொண்டே. "வருசா வருசம் கொல்லையில எறங்கிப் பாதிய வாரிக்கினு போவுதே, திருடுதுன்னு இல்ல நெனைச்சிக்கினு இருந்தேன். பாகம் கேக்குது."